தரத்தின் செலவு யார் கணக்கில்? சித்தூர் மாங்கூழும் திருமலை நெய்யும்

2025 ஜூன் மாதம் சித்தூர் மாவட்டத்தில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தது. நம் பக்கம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்வோமே, அதே பழம். மாங்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அதன்மேல் அரசு 4 ரூபாய் போடும், விவசாயி கைக்கு 12 ரூபாய் போகும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாயைக்கூட ஆலைகள் முழுதாகத் தரவில்லை என்று விவசாயிகள் கொதித்தார்கள். ஆலை வாசல்களில் பழ வண்டிகள் டோக்கனுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றன. வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா அதை எதிர்த்து ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் வரை விவகாரம் முற்றியது.

தோட்டத்தில் 8 ரூபாய்க்கு அல்லாடிய இந்தப் பழம் ஆலைக் கதவைத் தாண்டியதும் வேறோர் உலகத்துக்குள் போகிறது. ஐரோப்பியப் பேரங்காடிகளும் குளிர்பான நிறுவனங்களும் வகுத்த விதிப்படி அதைக் கழுவுகிறார்கள், கூழாக்குகிறார்கள், கிருமி நீக்குகிறார்கள், எண் போட்ட டிரம்மில் அடைக்கிறார்கள். இந்த விதிகளை எந்த நாடாளுமன்றமும் இயற்றவில்லை. இவற்றைப் பின்பற்ற ஆகும் செலவை யார் கொடுக்கிறார்கள், பலனை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சித்தூருக்குப் பக்கத்திலேயே, திருமலையில், இதே கேள்வி 2024இல் லட்டு நெய்யின் வடிவில் எழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு புரியும்.

சட்டம் ஒன்று, வாங்குபவரின் விதி வேறொன்று

இந்தியாவில் உணவுத் தொழில் செய்பவர்கள் எல்லோரும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் இல்லாமல் கூழ் ஆலை நடத்த முடியாது. மீறினால் வழக்கு வரும். வாங்குபவர்கள் வகுக்கும் தனியார் தரத்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. சான்றிதழ் வாங்காத ஆலைமீது யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் ஆர்டர் வராது.

மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் ஆலையிடம் வாடிக்கையாளர்கள் கேட்கும் சான்றிதழ்கள் பலவகை. பிரிட்டிஷ் சில்லறை வணிகர்கள் தொடங்கிய பி.ஆர்.சி. ஒன்று. ஐ.எஸ்.ஓ. 22000 தரத்தின்மேல் கட்டிய எஃப்.எஸ்.எஸ்.சி. 22000 இன்னொன்று. பழச்சாற்றில் கலப்படம் இல்லை என்று கண்காணிக்கும் ஜெர்மன் அமைப்பான எஸ்.ஜி.எஃப். மூன்றாவது. தோட்டத்துக்கென்று குளோபல் கேப் இருக்கிறது. இவற்றோடு ஹலால், கோஷர், போதாக்குறைக்கு ஒவ்வொரு பெரிய நிறுவனமும் தனக்கென வைத்திருக்கும் கேள்வித்தாள். இந்திய மாங்கூழை அதிகம் வாங்கும் நாடு சவுதி அரேபியா. நெதர்லாந்து, ஏமன், ஐக்கிய அரபு அமீரகம், குவைத் போன்றவையும் பட்டியலில் உண்டு. ஏமன் வியாபாரி கேட்பதும் நெதர்லாந்து வியாபாரி கேட்பதும் ஒன்றாக இருக்காது. ஆலையோ ஒன்றுதான். ஆகவே யார் அதிகம் கேட்கிறாரோ அவருடைய விதிக்கு ஏற்றபடி மொத்த ஆலையையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த விதிகள் ஏன் பிறந்தன?

மாம்பழச் சாற்றைக் குடித்துப் பார்த்து இனிப்பா புளிப்பா என்று சொல்லிவிடலாம். அதில் பூச்சிமருந்து எச்சம் உண்டா, இல்லையா என்று நாக்கு சொல்லாது. குடித்து முடித்த பிறகும் தெரியாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு தோற்றுப்போகும் என்று 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார்கள். நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபோது வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல சரக்கு வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் மோசமானது மட்டும் மிஞ்சும். இந்த ஆய்வுக்காக அவருக்கு 2001இல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. சான்றிதழ் என்பது இந்த இருட்டில் காட்டும் ஒரு அடையாளம். பொருளாதாரம் அதற்குக் கொடுக்கும் முதல் நியாயம் இது.

இரண்டாவது காரணம் அவ்வளவு பெருந்தன்மையானது இல்லை. பிரிட்டனில் 1990ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பாதுகாப்பு வழியைத் திறந்தது. கெட்ட உணவு விற்றதாக வழக்கு வந்தால், "தவறு நேராமல் இருக்க நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன்" என்று கடைக்காரர் நிரூபித்தால் தப்பலாம். அதை எப்படி நிரூபிப்பது? சப்ளையரிடம் ஆடிட் அறிக்கை கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வது சுலபமான வழி. 1996இல் பைத்தியக்கார மாட்டு நோய் மனிதருக்கும் வரலாம் என்று பிரிட்டிஷ் அரசே ஒப்புக்கொண்டபோது மக்களின் நம்பிக்கை தகர்ந்தது. 1997இல் ஐரோப்பியச் சில்லறை வணிகர்கள் கூடி யூரெப் கேப் தொடங்கினார்கள். அதுதான் 2007இல் குளோபல் கேப் என்று பெயர் மாறியது. 1998இல் பி.ஆர்.சி. தரத்தின் முதல் பதிப்பு வந்தது. ஆளுக்கொரு தரம் முளைத்ததும், அவற்றை ஒப்பிட்டு அங்கீகரிக்க 2000இல் ஜி.எஃப்.எஸ்.ஐ. என்ற அமைப்பு உருவானது.

ஆக, தனியார் தரம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. உணவின் பாதுகாப்பைக் கூட்டுகிறது. கடைக்காரரின் சட்டப் பொறுப்பையும் சோதனைச் செலவையும் சங்கிலியில் தனக்கு முன்னால் இருப்பவர் தலைக்கு மாற்றுகிறது. முதல் வேலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சித்தூர் ஆலை முதலாளி தினமும் பார்ப்பது இரண்டாவதை.

சில சமயம் இந்த விதிகள் சட்டத்தையும் மிஞ்சும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பூச்சிமருந்துக்குத் தனி வரம்பு நிர்ணயிக்கப்படாவிட்டால், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பு பொருந்தும். அதுவே கறாரானது. ஜெர்மனியின் லிடில் பேரங்காடி 2006 வாக்கில், சட்டம் அனுமதிக்கும் எச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று தன் சப்ளையர்களுக்குச் சொல்லிவிட்டது. சட்டப்படி சுத்தமான பழத்தை லிடில் வாங்காமல் விடலாம். அதை எதிர்த்து எங்கே முறையிடுவது?

இந்தக் கேள்வி உலக வர்த்தக அமைப்பு வரை போனது. அங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஒப்பந்தம், அறிவியல் ஆதாரம் இல்லாமல் இறக்குமதியைத் தடுக்கக் கூடாது என்று அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. பிரிட்டிஷ் பேரங்காடிகள் வாழைக்கு யூரெப் கேப் கேட்பதாக 2005இல் செயின்ட் வின்சென்ட் என்ற சின்னஞ்சிறு கரீபியத் தீவு நாடு அங்கே புகார் எழுப்பியது. பேச்சு பல ஆண்டு நீடித்தது. கடைக்காரர் தன் கடைக்கு என்ன வாங்குவது என்பதில் அரசுகளின் ஒப்பந்தம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பதில் நாடுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஒரு டிரம்மின் பூர்வீகம்

ஆலைக்குள் போவோம். எடைமேடையைத் தாண்டிய காய்களை முதலில் பழுக்கவைக்கிறார்கள். பழுத்ததும் குளோரின் கலந்த நீரில் கழுவல். ஓடும் பெல்ட்டின் இருபுறமும் பெண்கள் நின்று அழுகலைப் பொறுக்குகிறார்கள். கொட்டை பிரித்து, சல்லடையில் தேய்த்து, கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, குளிரவைத்து, காற்றுப் புகாத அசெப்டிக் பையில் நிரப்பி டிரம்முக்குள் இறக்குகிறார்கள். ஒரு டிரம்மில் சுமார் 215 கிலோ. குளிரூட்டல் இல்லாமலே ஒன்றரை, இரண்டு ஆண்டு கெடாமல் இருக்கும்.

தணிக்கையாளர் வந்தால் செய்யும் சோதனைகளில் ஒன்று, கிடங்கில் ஏதாவதொரு டிரம்மைக் காட்டி, "இது எங்கிருந்து வந்தது, சொல்லுங்கள்" என்று கேட்பது. பி.ஆர்.சி. விதிப்படி 4 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். தர அலுவலர் டிரம் எண்ணிலிருந்து தொடங்குகிறார்: எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எவ்வளவு வெப்பம், எந்தப் பையின் லாட், சல்லடையும் காந்தமும் எப்போது சோதிக்கப்பட்டன, அன்று எந்தப் பழுக்கவைத்த குவியலிலிருந்து பழம் எடுத்தார்கள். எல்லாம் பதிவேட்டில் இருக்கும். குவியலிலிருந்து எடைச்சீட்டு, எடைச்சீட்டிலிருந்து வண்டி எண். அதற்கப்பால்?

வண்டி, "ரேம்ப்" என்று அங்கே சொல்லும் கொள்முதல் இடத்திலிருந்து வந்திருந்தால், கதை அங்கேயே கலங்கிவிடுகிறது. பத்துத் தோட்டத்துப் பழம் அங்கே ஒரே குவியல். யார் எப்போது எந்த மருந்து அடித்தார் என்பது அந்தக் குவியலில் கரைந்துவிட்டது. ஆலை வாசல் வரை மருத்துவமனைக் கோப்பைப் போல் துல்லியமாக இருக்கும் வரலாறு, வாசலுக்கு வெளியே ஒரு வியாபாரியின் வாய்வார்த்தையாகிவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சித்தூரில் கூழ் ஓட்டம் மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட்டுக்குள் முடிந்துவிடும். சான்றிதழின் செலவு அப்படிப் பருவம் பார்க்காது. தர அலுவலர், ஆய்வகம், பூச்சி எலிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம், கருவிகளை அளவீடு செய்தல், ஆடிட் கட்டணம், தணிக்கையாளரின் பயணம், தங்கல் எல்லாம் ஆண்டுக் கணக்கு. தவிர, ஆலை ஓடும்போதுதான் ஆடிட் செய்ய முடியும். எல்லா ஆலைகளும் இரவு பகலாக ஓடும் அதே சில வாரங்களில் எல்லோருக்கும் தணிக்கையாளர் தேவை.

ஒரு பேச்சுக்கு, இந்தச் செலவு மொத்தம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் என்று வைப்போம். ஆண்டுக்கு 1,000 டன் கூழ் எடுக்கும் ஆலைக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் விழுகிறது. 10,000 டன் எடுக்கும் ஆலைக்கு 20 பைசா. ஒரு கிலோ கூழுக்குச் சுமார் 2 கிலோ பழம் பிடிக்கும். ஆகவே பெரிய ஆலையோடு விலையில் போட்டி போட வேண்டுமானால், சின்ன ஆலை பழத்துக்கே கிலோவுக்கு 90 பைசா குறைவாகக் கொடுக்க வேண்டும். 8 ரூபாய்ப் பழத்தில் 90 பைசா என்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல். தரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதன் பாரம் ஆளுக்கு ஆள் வேறு.

சான்றிதழ் இருந்தால் நல்ல விலை கிடைக்காதா என்று கேட்கலாம். ஊரில் இரண்டு ஆலைகளிடம் மட்டும் இருந்தபோது கிடைத்திருக்கும். எல்லோரும் வாங்கிய பிறகு அது நுழைவுச்சீட்டு மட்டுமே. உள்ளே விடுவார்கள், உட்கார்ந்த பிறகு உபரிக் காசு தர மாட்டார்கள். தனியார் தரங்களைப் பற்றிய பொருளாதார ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி இது: தரம் கொடுப்பது பெரும்பாலும் சந்தையில் இடம், விலையில் கூடுதல் அரிது.

அப்படியானால் செலவு கடைசியில் யார் தலையில் இறங்கும்? பேரத்திலிருந்து எழுந்து போக யாரால் முடியாதோ, அவர் தலையில். கூழ் டிரம் இரண்டு ஆண்டு காத்திருக்கும். வெளிநாட்டு வியாபாரியும் காத்திருப்பார். பறித்த பழத்தால் அப்படிக் காத்திருக்க முடியாது. 2025இல் ஆலைகள் சொன்ன காரணங்களில் ஒன்று, முந்தைய ஆண்டுக் கூழ் இன்னும் விற்காமல் கிடக்கிறது என்பது. கெடாத சரக்கு ஒருவருக்குப் பலம் கொடுக்கும்போது, கெடும் சரக்கு வைத்திருப்பவர் பலவீனமாகிறார். ஆலையால் வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்க முடியாத செலவு, பழத்தின் விலையில் கழிகிறது.

இதனால் சிறு விவசாயி சங்கிலியிலிருந்தே கழன்றுவிடுவதும் உண்டு. செனகல் நாட்டின் பீன்ஸ் ஏற்றுமதியை ஆராய்ந்த மியட் மார்ட்டென்ஸ், யோஹான் ஸ்வின்னன் ஆகியோரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒரு சுவையான முடிவைச் சொன்னது. தரம் கடுமையானதும் ஏற்றுமதி நிறுவனங்கள் சிறு விவசாயிகளிடம் ஒப்பந்தத்தில் வாங்குவதைக் குறைத்து, தாங்களே பெரும் பண்ணை நடத்தத் தொடங்கின. ஆனால் அந்தப் பண்ணைகளிலும் பொதியிடும் கூடங்களிலும் கிடைத்த கூலி வேலையால் ஏழைக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்தது. தரம் ஏழையை அழித்துவிடும் என்றோ வாழவைத்துவிடும் என்றோ ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. நிலம் வைத்திருப்பவராக நுழைகிறாரா, கூலிக்காரராக நுழைகிறாரா என்பதைப் பொறுத்தது அது.

தோட்டத்தை எட்டாத தரம்

சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் பல மாந்தோப்புகளில், பூ பிடிக்கும்போதோ பிஞ்சு விடும்போதோ விளைச்சலைக் குத்தகைக்கு விட்டுவிடும் வழக்கம் உண்டு. அதன்பின் மருந்து அடிப்பது குத்தகைதாரர். பூவைத் தாக்கும் தத்துப்பூச்சிக்கு எத்தனை முறை அடித்தார், எதை அடித்தார், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று எழுதிவைக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. ரேம்ப்பில் எழுதிவைத்தவருக்கும் எழுதாதவருக்கும் ஒரே விலை. அகர்லாஃப் சொன்ன பழைய கார் சந்தைதான். இங்கே காருக்குப் பதில் பழம்.

ஆலை என்ன செய்கிறது? கூழானபின் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கிறது. எச்சம் அதிகம் என்று தெரியவந்தால், அந்த லாட் கெடுபிடி குறைந்த சந்தைக்குப் போகும். குற்றம் யார் தோட்டத்தில் என்று கண்டுபிடிக்க வழி இல்லாததால் அடுத்த ஆண்டும் அதே கதை. கூழைச் சுண்டவைத்து அடர்கூழ் ஆக்கினால், சூட்டில் சிதையாத எச்சமும் கூடவே செறியும். சோதனையைச் சங்கிலியின் கடைசியில் வைத்தால் கெட்டதைப் பிரித்து எடுக்கலாம். கெடாமல் தடுக்க முடியாது.

இதற்கு நேர்மாறான அனுபவம் மகாராஷ்டிரத் திராட்சையில் இருக்கிறது. 2003இல் இந்தியத் திராட்சையில் மெத்தோமில் என்ற பூச்சிமருந்தின் எச்சம் இருப்பதாக ஐரோப்பாவில் பிரச்சினை கிளம்பியது. அதையடுத்து ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபேடா, 2006இல் கிரேப்நெட் என்ற இணையவழிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் பதிவு எண், அறுவடைக்கு முன்பே தோட்டத்தில் மாதிரி எடுத்து ஆய்வு, தேறினால்தான் ஏற்றுமதி. பழத்தின் பூர்வீகம் கொடி வரை போய்விட்டது. அப்படியும் 2010இல் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சி ஒழுங்குபடுத்தியின் எச்சத்தால் சரக்கு சிக்கிக்கொண்டது. சோதனைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கவில்லை. பட்டியலில் இல்லாததைச் சோதனை பார்க்காது. இந்தப் பாடம் திருமலைக்கும் பொருந்தும், அதற்குப் பிறகு வருகிறேன்.

திராட்சையில் முடிந்தது கூழ் மாம்பழத்தில் ஏன் முடியவில்லை? நல்ல ஏற்றுமதித் திராட்சைக்கும் உள்ளூர்த் திராட்சைக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளி பதிவேடு எழுதும் கூலியைக் கொடுத்துவிடுகிறது. தோத்தாபுரிக்கு அப்படி இரண்டாவது விலை இல்லை.

சித்தூரில் இதற்கு ஒரு மாற்றுவழி முயற்சியும் நடந்தது. கோகோ கோலா நிறுவனம் மாசா பானத்துக்குத் தோத்தாபுரிக் கூழைப் பெருமளவில் வாங்குகிறது. அது 2011இல் ஜெயின் இரிகேஷனோடு சேர்ந்து 'உன்னதி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏக்கருக்குச் சுமார் 40 மரம் என்ற பழைய முறைக்குப் பதில், 674 கன்றுகள் வரை நடும் அடர்நடவும் சொட்டுநீரும் அதன் மையம். ஆலையே விவசாயியிடம் நேரடியாகப் போவதால் ரேம்ப் குழப்பம் குறைகிறது. குளோபல் கேப் விதிகளைச் சிறு விவசாயிக்குத் தக்கபடி எளிமையாக்கி 'ஜெயின் கேப்' என்று ஒரு தரத்தையும் ஜெயின் நிறுவனம் உருவாக்கியது. வாங்குபவர் தோட்டத்தில் முதல் போட்டால்தான் தரம் தோட்டத்துக்கு வரும் என்பதற்கு இது சாட்சி. கூடவே ஒரு பணயமும் இருக்கிறது: ஒரே வாங்குபவரின் விதிக்கென்று முதல் போட்ட விவசாயி, அடுத்த ஆண்டு அவர் விலையைக் குறைத்தால் எங்கே போவார்?

தணிக்கையாளருக்குச் சம்பளம் கொடுப்பவர்

ஆடிட் கட்டணம் கொடுப்பவர் யார்? ஆடிட்டுக்கு உள்ளாகும் ஆலையே. இதிலுள்ள கோளாறு அமெரிக்காவில் வெட்டவெளிச்சமானது. 2008-09இல் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் நிலக்கடலைப் பொருட்களில் சால்மொனெல்லா கிருமி பரவி 9 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அந்த நிறுவனத்தின் ஆலைக்குத் தனியார் தணிக்கை நிறுவனம் ஒன்று "மிகச் சிறப்பு" என்று மதிப்பெண் கொடுத்திருந்தது. கட்டணம் கொடுத்தது கடலை நிறுவனமே. கெல்லாக்ஸ் அந்தச் சான்றை நம்பி வாங்கியது. நெஸ்லே தன் சொந்தச் செலவில் தன் ஆட்களை அனுப்பிப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஒரே நிறுவனம், இரண்டு வகைச் சோதனை, இரண்டு முடிவு. நிறுவனத் தலைவருக்கு 2015இல் 28 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

சோதனைக்கு யார் காசு கொடுக்கிறாரோ, அவருக்காகவே அந்தச் சோதனை கண் திறக்கும். வாங்குபவர் தரத்தை எழுதிவிட்டுச் சோதனைச் செலவை விற்பவரிடம் தள்ளினால், அவருக்குக் கிடைப்பது பாதுகாப்பைவிடக் காகிதம்.

திருமலை நெய்: மறுபக்கக் கதை

இப்போது திருமலைக்கு வருவோம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் நாள்தோறும் சுமார் 3 லட்சம் லட்டு செய்கிறது. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். இந்த அளவுக்கு நெய் வாங்கும் சமையலறை நாட்டில் அரிது. விதிகளை எழுதவும் விலையைச் சொல்லவும் இவ்வளவு பலமுள்ள வாங்குபவர் ஐரோப்பியப் பேரங்காடிகளிலேயே குறைவு.

2024 ஜூலையில் தேவஸ்தானம் அனுப்பிய நெய் மாதிரிகளைக் குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியத்தின் ஆய்வகம் சோதித்தது. பால் கொழுப்பு அல்லாத கொழுப்பு இருக்கலாம் என்று அறிக்கை வந்தது. செப்டம்பரில் முதல்வர் சந்திரபாபு நாயுடு அதைப் பொதுவெளியில் பேச, நாடே கொந்தளித்தது. அக்டோபர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. மேற்பார்வையில் ஐந்து பேர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு உத்தரவிட்டது. யார் குற்றவாளி என்பதை விசாரணையும் நீதிமன்றமும் சொல்லட்டும். அந்த ஆண்டு தேவஸ்தானத்தின் அன்றைய செயல் அலுவலர் சியாமளா ராவ் செய்தியாளர்களிடம் சொன்ன மூன்று எண்கள்தான் நமக்கு வேண்டியவை.

முதலாவது, விலை. நெய் கிலோ 320 ரூபாயிலிருந்து 411 ரூபாய் வரையிலான விலைகளில் வாங்கப்பட்டது; சுத்தமான நெய்க்கு இது கட்டுப்படியாகாத விலை என்றார் அவர். கணக்கைப் பாருங்கள்: 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய்க்கு ஏறத்தாழ 25 லிட்டர் பால் வேண்டும். கொழுப்பெடுத்த பாலைத் தனியே விற்றுக் கொஞ்சம் ஈடுகட்டலாம்; அப்படியும் 320 ரூபாயில் பாலுக்கே காசு போதாது. இரண்டாவது, வெளி ஆய்வகத்தில் கலப்படச் சோதனைக்கு மாதிரி ஒன்றுக்கு 75,000 ரூபாய். மூன்றாவது, சொந்தமாக அந்தச் சோதனைக் கருவி வைக்க 75 லட்சம் ரூபாய்.

அதாவது நூறு மாதிரிகளுக்கு ஆகும் செலவில் சொந்த ஆய்வகம் வந்துவிடும். அவ்வளவு பெரிய கொள்முதலில் அது சில்லறை. ஆனாலும் தேவஸ்தானத்திடம் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வகம் அதுவரை இல்லை. சப்ளையர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பின்னர் பால்வள வாரியமே கருவிகளை நன்கொடையாகத் தர முன்வந்தது.

நெய்க்கென்று வழக்கமாகச் செய்யும் சில சோதனைகளை, எண்ணெய்களை அளவறிந்து கலந்து ஏமாற்ற முடியும் என்பது பால் தொழிலில் பழைய செய்தி. திராட்சையில் குளோர்மெக்வாட் சொன்ன பாடம்தான் இங்கும்: பட்டியலில் இல்லாததைச் சோதனை பார்க்காது. எதைச் சோதிப்பார்கள் என்று விற்பவருக்குத் தெரியும்போது, அந்த எண்ணை மட்டும் சரிசெய்துவிடலாம். டெண்டரில் தரம் எழுத்தில் இருந்தது. விலை குறைந்தவருக்கு ஆர்டர் போனது. சரிபார்க்கக் கருவி இருக்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒழுங்காக நெய் காய்ச்சுபவர் டெண்டரில் தோற்பது ஏறக்குறைய உறுதி.

மாங்கூழில் சோதனை கறாராக இருக்கிறது, அதற்கான விலை தோட்டத்துக்கு வருவதில்லை. நெய்யில் விலையும் கீழே போனது, சோதனையும் இருக்கவில்லை. விதி எழுதுபவர், விலை கொடுப்பவர், சோதித்துப் பார்ப்பவர் என்ற மூன்று பொறுப்புகளும் ஒருவர் கையில் சேராதவரை தரம் காகிதத்தில்தான் நிற்கும்.

என்ன மாற்றினால் கணக்கு நேராகும்?

சிறு ஆலைகளுக்கு: ஆய்வகத்தையும் தர அலுவலர்களையும் பல ஆலைகள் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். மேலே பார்த்த 2 ரூபாய்க்கும் 20 பைசாவுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க வேறு வழி இல்லை. ஜி.எஃப்.எஸ்.ஐ. அங்கீகரித்த ஒரு சான்றிதழ் இருந்தால் அதற்குச் சமமான இன்னொன்றைக் கேட்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் கூட்டாகப் பேசலாம். தனித்தனியாகப் பேசினால் எடுபடாது.

விவசாயிகளுக்கு: குளோபல் கேப்பில் குழுச் சான்றிதழ் முறை உண்டு. ஓர் உற்பத்தியாளர் கம்பெனி தன் உறுப்பினர்களின் தோட்டங்களை ஒரே அமைப்பின்கீழ் பதிந்து, உள்தணிக்கையை அதுவே நடத்தி, வெளித் தணிக்கையாளர் அதில் மாதிரிக்குச் சில தோட்டங்களை மட்டும் பார்க்கும்படி செய்யலாம். செலவு பிரியும். ஆனால் எழுதிவைத்த பழத்துக்குத் தனிக் குவியலும் தனி விலையும் தருகிற ஆலை இருந்தால்தான் இந்த முயற்சிக்கு அர்த்தம்.

வாங்குபவர்களுக்கு, அவர் நெதர்லாந்தில் இருந்தாலும் திருமலையில் இருந்தாலும், இரண்டு கேள்விகள். நீங்கள் கேட்கும் தரத்துக்கு ஆகும் உற்பத்திச் செலவுக்குக் கீழே டெண்டரில் ஒருவர் விலை சொன்னால், அவரை முதலிடத்தில் வைப்பீர்களா, விளக்கம் கேட்பீர்களா? வந்த சரக்கில் எத்தனை மாதிரியை உங்கள் சொந்தச் செலவில் சோதிப்பீர்கள்?

சித்தூரில் தை, மாசியில் மா பூக்கும். மருந்து தெளிப்பு தொடங்குவதும் அப்போதே. கூழ் வாங்குபவர் எச்ச அறிக்கை கேட்பது ஜூலையில். அந்த அறிக்கையில் என்ன வரும் என்பது அதற்குள் தோட்டத்தில் தீர்மானமாகிவிட்டிருக்கும். ஆகவே ஒப்பந்தம் பூக்கும் பருவத்திலேயே போட வேண்டும். தெளிப்புப் பதிவேடு வைத்த தோட்டத்துப் பழத்துக்கு கிலோவுக்கு எத்தனை காசு அதிகம் என்ற எண் அதில் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத ஒப்பந்தத்தில் எத்தனை சான்றிதழ் இணைத்தாலும், தரத்தின் செலவு பழைய இடத்திலேயே, எட்டு ரூபாய்ப் பழத்தின் விலையிலேயே, கழிந்துகொண்டிருக்கும்.